சூடு பிடித்த கட்டுகள்

நான் விற்பது வைக்கோல். ஆனால் அதில் ஒரு துரும்பும் என்னுடையதில்லை. நெல்லை அறுத்தவருக்கும் எங்கோ மாடு வளர்ப்பவருக்கும் நடுவில் நிற்பவன் நான். விற்றுக் கொடுத்தால் கமிஷன். தை பிறந்துவிட்டால் வீட்டில் என்னைத் தேட மாட்டார்கள். காலையில் மயிலாடுதுறைப் பக்கம், மதியம் முத்துப்பேட்டை சாலை, பொழுது சாயும்போது பெயர் நினைவில்லாத ஒரு வாய்க்கால் கரை. உட்கார்ந்தால் எனக்குக் கால் வலிக்கும். அறுவடை மெஷின் போன வயலில் மஞ்சள் வரிவரியாக வைக்கோல் கிடக்கிறதே, அதை வெறும் அழகென்று என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மலைக்கு அந்தப்புறம் கேரளாவில் யாரோ ஒருவருடைய தொழுவத்தில் அது பாலாகிறவரைக்கும் கண் கூடவே ஓடும்.

வைக்கோல் விஷயத்தில் கண்ணை நம்பமாட்டேன், கையை நம்புவேன். வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் மெஷின் உருட்டிப்போடும் கட்டுகள் எல்லாமே வெளியே பொன்னாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் சுழி மாதிரி தெரியும் நடுப்பகுதியில் கையைச் செருக வேண்டும். குளிர்ந்திருந்தால் நல்ல கட்டு. வெதுவெதுப்பாக இருந்தால் பனி காய்வதற்குள் கட்டிய கட்டு, உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறது. அதை லாரியில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு அனுப்பினால், போய்ச் சேரும்போது கறுத்து நாறும்.

சில வருஷங்களுக்கு முன்னால், மாசி மாதம். மன்னார்குடிக்குக் கிழக்கே குத்தகைக்கு நிலம் எடுத்திருந்த ஒரு பெண் விடாமல் போன் செய்துகொண்டிருந்தார். “அண்ணே, லாரி எப்பண்ணே வரும்? உளுந்து மொளச்சிருச்சு. கட்டெல்லாம் அது தலைமேல உக்காந்துருக்கு.” அறுப்புக்கு முன்பே நெற்பயிருக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நெல் போனதும் அது தலை தூக்கும். அந்த நேரத்தில் வைக்கோல் வயலில் கிடந்தால் உளுந்து போச்சு. குத்தகைக்காரருக்கு நெல்லில் மிஞ்சுவது என்ன என்று எனக்குத் தெரியும். அவர் கையில் நிற்கப்போவது அந்த உளுந்துதான்.

லாரியோடு போய் இறங்கினேன். முதல் கட்டில் கையை விட்டேன். சுட்டது. அடுத்த கட்டு, அதற்கடுத்தது. எல்லாம் சூடு.

“எப்ப கட்டுனது தங்கச்சி?”

“மூணு நாளாச்சுண்ணே, விடியக்காலைல. மெஷின்காரர் அப்பத்தான் வந்தாரு. இப்ப வேணாம்னா பத்து நாளாவும்னுட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?”

ஒரு மெஷினுக்கு ஊரே வரிசையில் நிற்கிற காலம் அது. கிடைத்த நேரத்தில் கட்டியிருக்கிறார். ஆனாலும் கட்டு சூடு.

“ஏத்த முடியாதும்மா.”

லாரி டிரைவருக்கு லோடு நிறைந்தால் போதும். “தரகரே, இதுங்கள நடுவுல போட்டு, சுத்தி நல்ல கட்டா அடுக்கிருவோம். அங்க எவன் ஒவ்வொரு கட்டா மோந்து பாக்கப் போறான்?”

“மாடு மோந்து பாக்கும்யா.”

லோடு ஏற்ற வந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து என் முன்னால் வந்து நின்றார்.

“நீங்க யாருக்கு ஏஜெண்டு? எனக்கா, அந்தக் கேரளாக்காரருக்கா?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்குன்னா ஏத்துங்க.”

இந்தக் கேள்வியைக் கேட்காதவர்கள் என் தொழிலில் குறைவு. எனக்கு அதில் தடுமாற்றம் இருந்ததில்லை. அங்கே என் வாக்கு ஒருமுறை நாறிப்போனால், அடுத்த தையில் இந்த ஊர் வைக்கோலுக்கு லாரி வராது. விற்காத வைக்கோலுக்கு வயலிலேயே தீ வைப்பார்கள். அதையெல்லாம் அவரிடம் பேசிக்கொண்டிருக்கவில்லை. “நீங்களே கைய வுட்டுப் பாருங்க” என்றேன்.

விட்டார். சட்டென்று இழுத்துக்கொண்டார். “அடுப்பால்ல இருக்கு!” பிறகு குனிந்து அந்தக் கட்டை ஒரு பக்கமாகப் புரட்டினார். அடியில் வட்டமாக உளுந்து முளைகள், வெளிச்சம் காணாமல் வெளுத்து, கழுத்து மடங்கிக் கிடந்தன.

“சரி, லாரி வேணாம். இதுங்களுக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?”

அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். லாரி, லாரி என்று இரண்டு பேருமே தப்பான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“உளுந்துக்கு எதுக்கும்மா லாரி? அதுக்கு வெயில் பட்டாப் போதும். கட்டு கரை ஏறிட்டா உளுந்து பொழச்சிரும். வைக்கோல நான் பாத்துக்கறேன்.”

“ஏத்தத்தான் கூலி, உருட்டுறதுக்கு இல்ல” என்றார் லோடு ஆட்களில் ஒருவர். டீயும் வடையும் என் பொறுப்பு என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன். முளை நசுங்காமல் கட்டுகளைத் தலைக்குத் தூக்கி, வயல் ஓரம் வந்ததும் கரைமேல் உருட்டிவிட்டோம். அரிவாளால் கயிறுகளை அறுத்தது அந்தப் பெண்தான். ஒவ்வொரு கட்டும் பிரிந்தபோது வெள்ளையாக ஆவி கிளம்பியது, புளித்த கஞ்சி வாசத்தோடு. உதறி உதறி வாய்க்கால் கரை நெடுக விரித்தோம். டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே அடுத்த வயலுக்கு வண்டியைத் திருப்பினார். அங்கே கட்டுகள் குளிர்ந்திருந்தன.

“காஞ்சாப் பெறவு யாரு கட்டுவா?” என்று கரையில் நின்றபடி அந்தப் பெண் கேட்டார்.

“கட்டவே வேணாம். உதிரியா ஏத்துவேன். வெல கொஞ்சம் கொறையும், மறைக்க மாட்டேன். ஆனா போயிரும்.”

“போவலன்னா?”

“போவும்.”

மறுநாள் விட்டு மறுநாள் லாரியோடு போனேன். வைக்கோல் நொறுநொறுவென்று காய்ந்திருந்தது. கையை விட்டேன், குளிர்ச்சி. ஆட்கள் அள்ளி ஏற்றத் தொடங்கியபோது அவரைத் தேடினேன். லாரிப் பக்கமே வரவில்லை. வயல் நடுவில் குந்தியிருந்தார். கட்டுகள் உட்கார்ந்திருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாக மஞ்சள். ஆனால் முளைகள் நிமிர்ந்துவிட்டன. இலை நுனிகளில் பச்சை ஏறிக்கொண்டிருந்தது.

“அடுத்த வருஷம் அந்த மெஷின நீங்களே கூட்டியாங்க” என்றார், தலை நிமிராமல். “பத்து மணிக்கு முன்னாடி வந்தீங்க, வயல்ல எறங்க வுட மாட்டேன்.”

“மெஷினையா, என்னையா?”

“ரெண்டையுந்தான்.”