நரிக்கு ஒரு கோப்பு

ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பனி மூடிய பண்ணை ஒன்றின் ஓரம் காரை நிறுத்தியிருக்கிறோம். மதுரைக்காரனான என் கையில் ஸ்டியரிங். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து சிவம் அண்ணன் நரி சுட வந்திருக்கிறார். வேட்டைத் தேர்வில் பாஸான அட்டை, ஆயுத உரிமம், பண்ணைக்காரர் கையெழுத்துப் போட்ட சம்மதம் என்று ஒரு கோப்பே வைத்திருக்கிறார். என் கல்யாணத்தைப் பதிவு செய்யக்கூட இத்தனை காகிதம் கேட்கவில்லை.

“ரைபிள் எடுத்து வரலையாண்ணே?”

“அதின்ர குண்டு குறி பிழைச்சால் அங்கால வீட்டு யன்னலுக்குள்ள போகும் தம்பி. கிட்டக் கண்டால் சிதறுற சின்னக் குண்டே போதும்.”

காருக்குள் இருந்து சுடுவதும் குற்றமாம். அதனால் இறங்கி என் கதவோரம் நிற்கிறார். இரட்டைக்குழல் துப்பாக்கி உறையோடு பின்சீட்டில் கிடக்கிறது. திடீரென்று மேட்டில் நரி. அதிலிருந்து கண்ணை எடுக்காமல், என் பக்கம் கையை நீட்டிக் கிசுகிசுக்கிறார்:

“துவக்கு! துவக்கு!”

நான் துவக்குகிறேன். இன்ஜின் உறுமுகிறது. நரியைக் காணோம்.

துப்பாக்கிக்கு அவர் ஊரில் துவக்கு என்று பெயராம். இப்போது சொல்கிறார். பிறகு அந்தக் கோப்பு முழுவதையும் என் மடியில் போடுகிறார்.

“எல்லாத்துக்கும் அனுமதி எடுத்தனான். உங்கட தமிழுக்குத்தான் எடுக்கேல்லை.”