சின்யோராவின்ர பிரேசிலும் என்ர ஓகஸ்ட் லீவும்

பிரேசில் எண்ட நாட்டில நான் காலடி வைச்சதுமில்லை, இனி வைக்கப்போறதுமில்லை. ஆனா அங்கை போற ஆக்களுக்கு என்னென்ன தெரியோணுமோ அவ்வளவும் எனக்குத் தெரியும். அங்கை கதைக்கிறது ஸ்பானிஷ் இல்லை, போத்துக்கீசம். ஆரையும் கண்டால் கன்னத்தில கொஞ்சோணும். சாப்பாட்டுக்கு எட்டு மணிக்கு வரச்சொன்னால் எட்டு மணிக்கே போய் நிக்கக்கூடாது, வீட்டுக்காரி அப்பதான் குளிக்கப் போயிருப்பா. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் சந்தோசம், அதையே சுட்டுவிரலோட சேர்த்து வட்டமாக்கிக் காட்டினால் தூஷணம். உதெல்லாத்தையும் நான் இத்தாலியில பலேர்மோவில, பொலிதேயாமாத் தியேட்டருக்குப் பின்னால ஒரு மூண்டாம் மாடி வீட்டில, சட்டி பானை கழுவின ஈரக் கையோட வாசிச்சுப் படிச்சனான். ஆருக்கு வேணும் இந்தக் கண்டறியாத படிப்பு?

தொண்ணூறுகளின்ர நடுப்பகுதி அது. நான் வேலைக்கு நிண்ட வீட்டுச் சின்யோராவுக்கு எழுபத்தாறு வயசு. கண்ணில படலம் விழுந்து எழுத்துத் தெரியாது. வாய்க்கு மட்டும் ஒரு குறையுமில்லை.

எனக்கு அந்த வருசம் ஒரே ஒரு காரியந்தான் இருந்தது. ஓகஸ்டில கொழும்புக்குப் போய் என்ர மகளைப் பாக்கோணும். சண்டைக்குள்ள மனுசன் செல் விழுந்து செத்த பிறகு, நாலு வயசுப் பிள்ளையை வெள்ளவத்தையில தங்கச்சியிட்டை விட்டிட்டு வந்தனான். இப்ப அவளுக்குப் பத்து. இந்த ஆறு வருசமும் ஒண்டில் பெர்மெஸ்ஸோ எண்ட வதிவிட அனுமதி இல்லை, இல்லாட்டி புதுப்பிக்கக் குடுத்துக் கிடக்கும். அந்தக் கடதாசி கையில இல்லாமல் இத்தாலியை விட்டு வெளிக்கிட்டால் திரும்பி வரேலாது. அந்த வருசந்தான் அது கையில இருந்தது, அதுவும் ஐப்பசியோட முடியுது. ஓகஸ்டை விட்டால் பிறகும் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில விடிய வெள்ளண லைனில நிக்கிற கதைதான். அதுக்காக லீவை நத்தாருக்கே கேட்டு வைச்சிட்டன். சின்யோராவும் "ஓம், ஓம், போ" எண்டவா.

மாசியில பிரேசிலில இருந்து ஒரு கடிதம் வந்தது. சின்யோராவின்ர தங்கச்சி ஒருத்தி நாப்பது வருசத்துக்கு முந்திக் கப்பலேறிப் போனவா. அவா ஏலாமல் கிடக்கிறாவாம், ஒருக்கா வந்து பார் எண்டு எழுதியிருந்தா. அண்டைக்கே முடிவாகிட்டுது, ஓகஸ்டில போறதெண்டு. ஆரோட? என்னோட!

"அப்ப என்ர லீவு, சின்யோரா?"

"இதுதானே லீவு! உன்னைப் பிரேசிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன். ஆருக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம்?"

நான் தலையைக் குனிஞ்சுகொண்டு குசினிக்குப் போயிட்டன். நான் விட்ட பிழை அதுதான். வீட்டு வேலைக்கு நிக்கிற எங்கட ஆக்கள் எல்லாருக்கும் உந்தப் பழக்கம் இருக்கு. முகத்துக்கு நேரை ஏலாதெண்டு சொல்லமாட்டம், பின்னால நிண்டு பொருமுவம். நான் பொருமின பொருமலில அந்த வீட்டுக் கோப்பையள் எல்லாம் தெறிச்சிருக்கோணும். சின்யோராவுக்கு அது ஒண்டும் கேக்கேல்லை, நான் சம்மதிச்சிட்டன் எண்டு நினைச்சிட்டா.

அடுத்த கிழமை ஒரு தடிச்ச புத்தகம் வந்து இறங்கிச்சு. பிரேசிலுக்குப் பயணம் போற ஆக்களுக்கெண்டு எழுதினது, அந்தச் சனத்தின்ர சரித்திரம், சாப்பாடு, சாமி கும்பிடுறது எல்லாம் இருக்கு. மத்தியானம் மேசை துடைச்ச கையோட நான் வாசிக்கோணும், அவா கண்ணை மூடிக்கொண்டு கேப்பா. நித்திரையெண்டு நினைச்சு ஒரு பக்கத்தைத் தட்டினால் போதும், "எங்கை பாயிறாய்?" எண்டு சத்தம் வரும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற என்ர இத்தாலியனைத் திருத்தித் திருத்தியே மனிசி என்ர உயிரை எடுத்திட்டா. பிறகு கேள்வி வேறை. முந்தாநாள் வாசிச்ச ராசா ஆர்? பிரான்ஸ்காரனுக்குப் பயந்து அரண்மனைச் சனத்தோட கப்பலேறி றியோவுக்கு ஓடிவந்த போத்துக்கீச ராசா, சின்யோரா. என்ர பிள்ளையின்ர வகுப்பு ரீச்சர் ஆரெண்டு எனக்குத் தெரியாது, இந்த ஓடுகாலி ராசாவைத் தெரியும்!

முதல் அதிகாரத்திலயே எனக்குக் கொதி வந்தது. போத்துக்கீசர் வர முந்தி அங்கை இருந்த சனம் என்ன சாப்பிட்டதெண்டு பாத்தால், மரவள்ளிக்கிழங்கு! அதைத் துருவி, நஞ்சுத் தண்ணியைப் பிழிஞ்செடுத்து, வறுத்து மாவாக்கி வைச்சிருந்ததாம். இண்டைக்கும் அங்கை சோத்துக்கும் கறிக்கும் மேல அந்த மாவைத் தூவித்தான் சாப்பிடுவினமாம். அன்னாசியும் அங்கத்தையானாம், கஜுவும் அங்கத்தையானாம். எங்கட சாமானெண்டு நான் நினைச்சிருந்ததில பாதி அந்த ஊர்ச் சாமான். கொண்டுவந்து தந்தது ஆரெண்டால் அதே போத்துக்கீசர், எங்கட கோயிலுகளை இடிச்ச ஆக்கள். "இவங்கள் எங்கட ஊருக்கும் வந்தவங்கள், சின்யோரா" எண்டன். "நல்லது, மேல வாசி" எண்டா அவா.

சனிக்கிழமை மத்தியானத்தில கறுத்த போஞ்சிக்கொட்டையோட பண்டியின்ர காது, வால், கால் எல்லாம் போட்டு மணிக்கணக்காய் அவியவிட்டு, குடும்பமாய் இருந்து சாப்பிடுவினமாம். நான் சைவக்காரி, அதை ரெண்டு தரம் வாசிக்க வைச்சா. ஆபிரிக்காவில இருந்து பிடிச்சுக்கொண்டு வந்த சனம், எசமான் குடுத்த மாதா சொரூபத்துக்குப் பின்னால தங்கட கடலம்மாவை வைச்சுக் கும்பிட்டதாம். இண்டைக்கும் வருசப்பிறப்புக்கு வெள்ளை உடுத்துக்கொண்டு போய்க் கடலில பூ விடுவினமாம். "பேய்க்கூத்து" எண்டா சின்யோரா. எனக்கு அது நல்லா விளங்கிச்சு. நானும் பலேர்மோ மலையில இருக்கிற புனிதையிட்டைச் செருப்பில்லாமல் ஏறிப்போய், பிள்ளையைக் கண்ணில காட்டு தாயே எண்டு கற்பூரம் கொளுத்தின ஆள்தானே.

கோப்பி அதிகாரம் வந்தது. ரெண்டு வசனம் வாசிக்க முந்தி "அது வேண்டாம், அடுத்ததுக்குப் போ" எண்டா. ஒருநாளும் ஒரு வரி விடாத மனிசி! அவா குட்டித்தூக்கம் போடேக்கை அடுப்படியில நிண்டு நானே அதை வாசிச்சன். அடிமைகளை விடுவிச்ச பிறகு கோப்பி பிடுங்க ஆளில்லாமல், இத்தாலியில இருந்துதான் ஏழைச் சனத்தைக் குடும்பம் குடும்பமாய் ஏத்திக்கொண்டு போனவையாம். அடிமைகள் கிடந்த கொட்டிலுகளிலயே சிலரைக் குடிவைச்சவையாம். பிந்தியும், ரெண்டாம் உலகச் சண்டை முடிஞ்ச பிறகும் ஆக்கள் போனவையாம். எங்கட மலைநாட்டுத் தேயிலைக்குச் சனம் கொண்டுவந்த கதைதான், வேறை என்ன? அந்தச் சனத்தை யாழ்ப்பாணத்தில நாங்கள் எப்பிடிக் கதைச்சனாங்கள் எண்டு நினைக்க எனக்கு வெக்கமாய் இருந்தது.

தங்கச்சியின்ர புருசன் அங்கை பெரிய வியாபாரி எண்டுதான் சின்யோரா ஊருக்கெல்லாம் சொல்லிவைச்சிருந்தவா. அது பொய்யெண்டு அப்பதான் விளங்கிச்சு, ஆனா அதில நான் பிழை பிடிக்கேலாது. அக்கா இத்தாலியில கந்தோர் உத்தியோகம் எண்டுதான் என்ர தங்கச்சியும் வெள்ளவத்தையில சொல்லித் திரியிறாள்.

வைகாசி கடைசியில சின்யோரா சொன்னா, "நாளைக்குப் பாஸ்போட்டைக் கொண்டுவா, ரிக்கற் எடுக்கோணும்." அவ்வளவுதான், எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது.

"நான் வரேல்லை, சின்யோரா. நான் என்ர பிள்ளையிட்டைப் போறன்."

"உன்ர பிள்ளை பத்து வயசுப் பிள்ளை, அவள் எங்கை ஓடிப்போறாள்? என்ர தங்கச்சி சாகக் கிடக்கிறாள்!"

"என்ர பிள்ளைக்கு முன்பல்லு விழுந்தது, முளைச்சது, ரெண்டையும் நான் காணேல்லை. கோப்பி பிடுங்கப் போன தங்கச்சியெண்டு வெக்கப்பட்டு நாப்பது வருசம் பாக்காமல் இருந்தது நீங்கள். அதுக்கு என்ர ஓகஸ்டோ உங்களுக்குக் கிடைச்சது?"

வேலை போச்செண்டு நினைச்சன். தங்கச்சியை வழியனுப்பக் கப்பலடிக்குக்கூடத் தான் போகேல்லை எண்டு சின்யோரா மெல்லமாய்ச் சொன்னா. எனக்குப் பாவமாயும் இருந்தது, கோவமும் ஆறேல்லை. அடுத்தநாள் சின்யோரா ரெலிபோனை எடுத்துத் தன்ர மகனை ஏசின ஏச்சு மூண்டு மாடிக்கும் கேட்டிருக்கும். தாய்க்குத் துணைபோக மகனெண்டு ஒருத்தன் இருக்கிறான் எண்டது அண்டைக்குத்தான் ரெண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது போல. ஓகஸ்ட் முதல் கிழமை அவை பிரேசிலுக்குப் போக, நான் கொழும்புக்கு வெளிக்கிட்டன்.

கட்டுநாயக்காவில தங்கச்சி பிள்ளையை முன்னால தள்ளிவிட்டாள். "வாங்கோ அம்மா" எண்டாள் பிள்ளை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேக்கிற மாதிரி. கட்டிப்பிடிக்க விட்டாள். தான் பிடிக்கேல்லை. கூட்டிப்போக வந்த வானுக்குள்ள எனக்குப் பக்கத்தில, நடுவில என்ர கைப்பையை வைச்சுக்கொண்டு இருந்தாள். நீர்கொழும்பு றோட்டில ஏறின பிறகுதான் வாய் திறந்தாள்.

"எத்தினை நாள் நிப்பியள்?"

"ஒரு மாசம், பிள்ளை."

"அம்மாவோட நல்லாப் பழகோணும் எண்டு சித்தி சொன்னவா. பழகினால் பேந்து நீங்கள் போகேக்கை எனக்கு அழுகை வரும். நாங்கள் பழகாமலே இருப்பமே, அம்மா?"

கோவமாய்க் கேக்கேல்லை. எனக்கும் அது சுகமெண்டு நினைச்சுத்தான் கேட்டவள். தங்கச்சி முன் சீற்றில இருந்து திரும்பிப் பாக்கேல்லை.