அழவில்லை, தூங்கவில்லை

என் இடது கண் இமை துடிக்கத் தொடங்கியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது வரும் என்பதில், மலையாள எல்லையோரம் தமிழ் பேசும் எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம் யாருக்கும் சந்தேகமில்லை. நல்லது என்றால் மாப்பிள்ளை. ஒரு பெண்ணுக்கு வேறு நல்லது வரக்கூடும் என்று யாரும் யோசித்ததில்லை.

நான் யோசித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வயலைத்தான் அறிவார்கள்; அண்ணன் பாதியில் நின்றவன். தமிழ்ப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்கான நேரத்தை யாரும் எனக்குத் தரவில்லை, தூக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். விடியும் முன் மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது என் வேலை. பகலில் டியூஷன் சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன். சமையலும் பாத்திரமும் முடிந்த பிறகே புத்தகம்.

துடிப்போடு நிற்கவில்லை. கண்கள் சிவந்தன, மணல் விழுந்ததுபோல் உறுத்தின. மாலையானால் எழுத்துகள் கலங்கின.

"படிச்சுப் படிச்சே கண்ணக் கெடுத்துக்கிட்டா. புஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டுங்க" என்றான் அண்ணன், வெயில் ஏறிய பிறகு பாயை விட்டு எழுந்து வந்து.

சித்தூரில் கண் டாக்டரிடம் தனியாகப் போனேன். கண்ணாடி போடச் சொல்வார் என்று நினைத்தேன். அந்தம்மா சோதித்துவிட்டு, நன்றாகத் தூங்குகிறாயா என்று மலையாளத்தில் கேட்டார். பார்வையில் குறையில்லை, தூங்கும்போதுதான் கண் ஈரம் பெற்றுத் தேறுகிறது, அந்த நேரத்தைத் தராவிட்டால் காய்ந்து சிவக்கும், இமையும் களைத்துத் துடிக்கும் என்றார். சொட்டு மருந்து எழுதினார். தூக்கத்துக்குப் பதிலாக அதை நம்பாதே என்றும் சொன்னார்.

அம்மா காதில் வாங்கவில்லை. "டாக்டருக்கு என்ன தெரியும்? ஞாயித்துக்கெழம வாளையார்ல இருந்து பொண்ணுப் பாக்க வர்றாங்க. கண்ணு சும்மாவா துடிச்சுது?"

வருகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு பரீட்சையெல்லாம் வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காபித் தட்டோடு போய் நின்றேன். மாப்பிள்ளையின் அத்தை என் கண்களையே பார்த்தார்.

"ஏனம்மிணி, அழுதயா?"

அம்மா முந்திக்கொண்டாள். "இல்லீங்க, அடுப்புப் பொகைங்க."

"கேஸ் அடுப்புல பொகை வருதுங்களா?" அத்தை சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "புள்ள மனசுல வேற யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிப் போடுங்க."

"அழுவுலீங்க" என்றேன். "தூங்குலீங்க. காலைல மாடு, பகல்ல பாடம், ராத்திரி படிப்பு. பரீட்சைய உடமாட்டனுங்க. கல்யாணம் ஆனாலும் உடமாட்டனுங்க."

மாப்பிள்ளை மிக்சரில் வேர்க்கடலை தேடினார். அத்தை எழுந்தார். "கண்ணு மட்டுமில்ல, இந்தப் புள்ளைக்கு வாயும் தூங்கறதில்லையாட்ட இருக்குது!"

அவர்களிடமிருந்து பிறகு போன் வரவில்லை. அம்மா அந்த ஞாயிறு முழுக்கப் பாத்திரங்களை மோதி வைத்தாள். நான் பேசினேன். நாளை முதல் காலைக் கறவை அண்ணனுடையது என்றேன்.

"மகாராணி தூங்கோணுமாமா!" என்று சிரித்தான் அவன்.

"ஆமா. தூங்கோணும்."

அப்பா அவன் பக்கம் திரும்பினார். "கறக்கத் தெரியுமாடா உனக்கு?" என்றார்.

மறுநாள் மாடு கத்தியது. அம்மா கதவைத் தட்டினாள். பொட்டப்பிள்ளை விடிந்தும் படுத்திருப்பது எங்கள் வீட்டில் கேள்விப்படாத சங்கதி. நான் எழவில்லை. வாளி உருளும் சத்தமும், அண்ணன் மாட்டைத் திட்டுவதும் கேட்டன. அந்தப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் கண் சிவப்பு மறைந்தது. துடிப்பும் போனது. தேர்வுக்கு முந்தின நாள் அம்மா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"துடிக்கறது நின்னே போச்சா?" அவள் குரலில் உண்மையான வருத்தம். "அப்ப நல்லது எதுவும் தேடி வராதா?"

"வர வேண்டாம்மா. நானே போயி வாங்கிட்டு வர்றேன்."

புத்தகத்துக்குத் திரும்பினேன். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. பக்கத்தைத் திருப்பினேன்.