வேகம் எடுக்காத படகும் பாண்டி அண்ணனும்

திருமங்கலம் பக்கத்துக் கண்மாயில் பல வருஷமாக உல்லாசப் படகு ஓட்டிவந்தவர் பாண்டி அண்ணன் ஒருவர்தான். போன மழைக்குப் பிறகு நானும் அங்கே ஒரு மோட்டார் படகை இறக்கினேன். பிழைப்பில் பங்குக்கு வந்தவளிடம் அவர் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லாபுரத்துக் குடும்பம் ஒன்று என் படகில் ஏறியது. நடுக் கண்மாயில் வேகம் குறைந்தது. இஞ்சின் கைப்பிடியை எவ்வளவு முறுக்கியும் படகு ஊர்ந்தது. காற்று வேறு கிளம்பிவிட்டது.

"ஓட்டை இஞ்சினாம்மா?" என்று அந்தக் குடும்பத்துப் பெரியவர் கத்தினார். பிள்ளைகள் அழுதன.

பாண்டி அண்ணன் தன் படகைக் கொண்டுவந்து அணைத்தார். என் படகில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார், இன்றோடு என் தொழில் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"இஞ்சின அமத்து தங்கச்சி. சூடேறிருச்சு. கெட்டுப்போகாம இருக்க அதுவா வேகத்தக் குறைக்குது," என்றார்.

இஞ்சினைத் தூக்கிப் பார்த்தோம். அதைக் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே போகும் துவாரத்தை ஒரு பிளாஸ்டிக் பை மூடியிருந்தது. பிய்த்தெடுத்து, சூடு தணிந்ததும் கிளப்பினேன். படகு சீறியது.

"அருமையான வண்டிங்க. தங்கச்சியும் நல்லா ஓட்டும். நம்பி உக்காருங்க," என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு, கரை வரை எங்கள் பக்கத்திலேயே வந்தார்.

கரையில் அவருக்காகக் காத்திருந்த கூட்டம் கலைந்துபோயிருந்தது. அவர் படகைக் கட்டிவிட்டு அடுத்த ஆட்களுக்காகக் காத்து நின்றார்.

அவர் சொன்ன அந்த நல்ல வார்த்தையில்தான் என் படகு இன்றும் ஓடுகிறது. அவர் இடத்தில் இருந்திருந்தால் நான் அதைச் சொல்லியிருப்பேனா என்று இன்னும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.