யார் பேச்சும் படாத ரோடு

லாரியைக் கிளப்பும் முன் சமுத்திரம் இரண்டு காரியம் செய்வார். தோளில் கிடக்கும் துண்டால் ஸ்டியரிங்கைத் துடைப்பார். பிறகு போனை எடுத்து, இந்தப் பயணத்துக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்ப்பார். மரங்களைப் பற்றிப் பேசும் பெரியவரா, கொலை வழக்கு சொல்லும் இரண்டு பையன்களா, கடல் வாணிபம் பற்றிச் சொல்லும் டீச்சரம்மாவா? "இது மல ரோடு, அண்ணாச்சி. மல ரோட்டுக்கு ஒத்த ஆளு பேச்சுதான் செட்டாகும். ரெண்டு பேரு பேசுனா வண்டி பள்ளத்துக்குள்ள போயிரும்" என்பார். லாரி நிற்பது கம்ப்யூட்டர் திரையில். ஸ்டியரிங், பழைய சாமான் கடையில் வாங்கி மேஜை விளிம்பில் திருகி வைத்தது. கூட வரும் ஆட்கள் எல்லாம் பாட்காஸ்டில் பேசுகிறவர்கள். சமுத்திரத்துக்கு வயது நாற்பத்தாறு.

ராஜபாளையத்தில் அவருக்கு அடுத்த வீடு எனக்கு. உண்மையைச் சொன்னால், முதல் தடவை நான் அங்கே போனது சண்டை போடத்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணை மூடினால் சுவர் வழியாக, "கழுத்தில் கயிற்றுத் தடம் இருந்தது" என்று ஒருவன் அலறுகிறான். மனுசன் எப்படித் தூங்குவது? கதவைத் தட்டினேன். "சத்தமா வச்சிருக்கேனா அண்ணாச்சி?" என்று அவர் கேட்டதே தெருமுனைவரை கேட்டிருக்கும். மறுநாளே ஹெட்போன் வாங்கிவிட்டார். சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் என் கால்கள் தாமாக அந்த வீட்டுக்குப் போய்விடுகின்றன.

எனக்குக் கேம் என்றால் ஒன்றும் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கும், அவ்வளவுதான். சாரல் மாதங்களில் அந்த அறையின் ஜன்னலில் மலை பாதி இருக்கும், பாதி மேகத்துக்குள் போயிருக்கும். திரையில் எந்த ஊரென்று தெரியாத ரோடு, இரண்டு பக்கமும் பனி. சமுத்திரத்தின் புருவத்தில் மில் பஞ்சு ஒட்டியிருக்கும். செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் எது வெளியே, எது உள்ளே என்பது எனக்கே குழம்பிவிடும். நல்ல குழப்பம்தான்.

எந்தக் கேமுக்கு எந்தப் பேச்சு என்பதில் அவரிடம் பேரம் கிடையாது. தோட்டம் போடும் கேமுக்கு ராஜா காலத்துச் சரித்திரம். விதை போட்டு அறுக்கிறதுக்குள் ஒரு வம்சம் வந்து போய்விட வேண்டும். மீன் பிடிக்கும் கேமுக்குப் பேய்க்கதை. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் கேமுக்குப் பாஷை தெரியாத பேச்சு, மலையாளம் கூட ஆகாது, பாதி புரிந்துவிடும் என்பார். துப்பாக்கிக் கேமுக்கு எதுவும் கிடையாது. "ஒருத்தர் மெனக்கெட்டு கத சொல்லுதாரு. நாம டமால் டுமீல்னு சுட்டுக்கிட்டு இருந்தா மரியாத இல்ல பாத்துக்கோங்க."

ஒரே ஒரு தடவை சோம்பேறித்தனமாகத் தோட்டக் கேமில் கொலை வழக்கை ஓடவிட்டுவிட்டார். அன்று அவர் கத்தரி நட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தப் பாத்திக்குத் தண்ணீர் விடப் போனாலே அந்தக் கயிற்றுத் தடம் ஞாபகம் வந்ததாம். "பாத்திக்குள்ள பொணம் கெடக்க மாதிரியே இருக்கு. எப்படிக் காய் பறிக்க?" ஆறு மாதம் வளர்த்த தோட்டத்தை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக வேலி போட்டார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பொணத்திலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்திருக்கிறது. ஓர் இடத்தில் கேட்ட பேச்சு அந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது, திரும்ப அங்கே போனால் திரும்ப வருகிறது. சோதித்துப் பார்த்திருக்கிறார். மரத்துப் பெரியவரோடு ஓட்டிய மலை ரோட்டில், ஒரு மாதம் கழித்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினார். பாலத்தில் வண்டி ஏறியதும், பாறையிடுக்கில் அரசங்கன்று வேர் விடுவதைப் பற்றிப் பெரியவர் சொன்னது வந்துவிட்டது. "இருமலும் சேந்து வந்துச்சு அண்ணாச்சி!" என்றார். நான் லேசில் நம்புகிறவனில்லை. பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, என் போனில் அதே பாட்காஸ்டைத் தேடி ஓடவிட்டேன். சொன்ன வரி வந்தது. வரி முடிந்ததும் பெரியவர் இருமினார்.

அன்றிலிருந்து, ஒரு ரோட்டில் ஒரு பேச்சுதான் என்று சட்டம் போட்டுக்கொண்டார்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். சமுத்திரத்துக்குக் காது போய்க்கொண்டிருக்கிறது. பதினெட்டு வயதில் நூல் மில்லில் சேர்ந்தவர். அறுந்த நூலை ஓடிப்போய் ஒட்டும் வேலை, இருபத்தெட்டு வருஷம், அந்த இரைச்சலுக்குள். இடது காது போன வருஷமே அடைத்துவிட்டது. வலது காதும் அதே வழியில் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் காது பார்க்கும் டாக்டர், மிஷின் வைத்தாலும் சத்தம்தான் கிடைக்கும், குரல் இப்போது போல இருக்காது என்று சொல்லிவிட்டார். பேச்சு புரியாமல் போகுமே என்று நான் வருத்தப்பட்டேன். "பேச்சுக்கென்ன? நாங்க மில்லுக்காரங்க. உதட்டப் பாத்தே எல்லாம் பேசிக்கிடுவோம். குரலு உதட்டுல தெரியாதுல்லா?" என்றார்.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு குரல். பெரியவரும் பையன்களும் டீச்சரம்மாவும் வெறும் ஒத்திகை.

வெங்கடேஸ்வரி, அவர் மனைவி, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கம்பெனிக்குப் போகிறார். வீட்டில் அவர் பேசினால் எங்கள் வீட்டுப் பாத்திரம் அதிரும். காது கேளாதவரோடு குடும்பம் நடத்துகிறவர் வேறு என்ன செய்வார்? எனக்கு அதுதான் அவர் குரல் என்று நினைப்பு. சமுத்திரம் மறுத்தார். "அது அவ கத்துற குரலு. பேசுற குரலு வேற. பொண்ணு பாக்கப் போனப்ப, தண்ணி வேணுமான்னு கேட்டா. அம்புட்டு மெதுவா. அதக் கேட்டுத்தான் நான் சரின்னு சொன்னேன். அந்தக் குரலக் கேட்டு மூணு வருசமாச்சு." சொல்லும்போது அவருடைய குரலும் தெருவைத் தாண்டித்தான் போனது. அவருக்குத் தெரியவில்லை.

பாட்காஸ்ட்காரர்கள் காதுக்குள்ளேயே வந்து மெதுவாகப் பேசுகிறார்கள், ஹெட்போனில் முழுச் சத்தம் வைத்தால் வலது காதுக்கு அது இன்னும் எட்டுகிறது. அப்படியானால் அவளும் போனில் மெதுவாகப் பேசலாமே, அதை ஒரு ரோட்டில் தங்க வைத்துவிட்டால் காது போன பிறகும் அங்கே போய்க் கேட்கலாமே என்பது அவர் கணக்கு. ரெக்கார்ட் பண்ணி வைத்துக்கொள்ளுங்களேன் என்று நான் அதிமேதாவித்தனமாக ஒரு யோசனை சொன்னேன். "காதுதான அண்ணாச்சி போகுது. ரெக்கார்ட வச்சு யாரு கேக்க?" என்று ஒரே போடாகப் போட்டார்.

எந்தக் கேமில் அந்தக் குரலை வைப்பது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். தோட்டம் வேண்டாம், அங்கேயும் அவள் வேலையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? மீன் கேம் வேண்டாம், பேய்கள் இருக்கின்றன. கடைசியில் லாரி கேமில் ஒரு ரோட்டைத் தேர்ந்தார். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் மலை, வழியெல்லாம் மஞ்சள் பூ. அந்த ரோட்டில் பாட்காஸ்ட் எதையும் அவர் ஓடவிடவில்லை. பாட்டும் கிடையாது. ஒருநாள் அதைத் திரையில் திறந்து காட்டினார். "யாரு பேச்சும் படாத ரோடு" என்றார், கோயில் நடையைத் திறந்து காட்டுவது போல.

வெங்கடேஸ்வரிதான் மசியவில்லை. "நான் என்ன ரேடியோவுலயா வேல பாக்கேன்? என்னத்தப் பேச? கூறுகெட்ட மனுசன்! அண்ணே, நீங்களாவது சொல்லக் கூடாதா?" என்று என்மீது பாய்ந்தார். வாரா வாரம் இதே பாட்டு. ரோடு வெறுமனே கிடந்தது.

போன வெள்ளிக்கிழமை இருவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் டாக்டரைப் பார்த்து வந்தார்கள். கண்ணாடி வைத்த பெட்டி மாதிரி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்களாம். வெங்கடேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறார். தனக்கே வெளியில் கேட்ட சத்தத்துக்கெல்லாம் உள்ளே புருஷன் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு சும்மா காத்திருந்ததைப் பார்த்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வெங்கடேஸ்வரி அடுப்படிக்குள் தரையில், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கையில் போன். "மூஞ்சியப் பாத்தா எனக்குப் பேச்சு வராது. அந்தப் பக்கம் திரும்பிக்கிடச் சொல்லுங்கண்ணே" என்றார். சமுத்திரத்தின் போன் அடித்தது. அவர் ஹெட்போனை மாட்டினார், ஏரி ரோட்டைத் திறந்தார். ஸ்டியரிங்கைத் துடைக்க மறந்துபோனார். என் நாற்காலி அடுப்படி வாசலை ஒட்டிக் கிடந்தது. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

"ஹலோ. கேக்கா?"

"கேக்கு, கேக்கு" என்றார் சமுத்திரம். திரையில் வண்டி கிளம்பியது.

"சிலிண்டர் வந்துருச்சு" என்று ஆரம்பித்தார் வெங்கடேஸ்வரி. பிறகு கம்பெனிக் கதை. நைட்டிக்குக் கைத்துணி வெட்டுகிற தங்கபாய் அக்கா மகளுக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணிவிட்டார்கள். கழுத்துக்குச் சுருக்கம் வைத்துத் தைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சூப்பர்வைசரே சொன்னார். நான் அசந்துபோனேன். என்ன குரல் அது! இத்தனை வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தும் நான் கேட்டதே இல்லை. தாழ்ந்து, கொஞ்சம் கரகரப்பாக, ஒவ்வொரு சொல்லையும் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும் குரல். ஏரி ஓரமாக மஞ்சள் பூக்கள் வந்துகொண்டே இருந்தன. ஜன்னலில் சாரல் பிடித்துவிட்டது. சமுத்திரம் உதட்டைக் கூடப் பிரிக்காமல் ஓட்டினார்.

கம்பெனிக் கதை தீர்ந்துபோயிற்று. போய்ச் சேர நாலு கிலோமீட்டர் என்று திரை காட்டியது.

"கல்யாணமான புதுசுல அய்யனார் கோவில் அருவிக்குப் போனோமே" என்றார் வெங்கடேஸ்வரி. "அங்க வச்சு ஒங்ககிட்ட ஒண்ணு சொன்னேன். வீட்டுல அத்த இருக்கையில சொல்ல முடியல. இந்த மில்லு வேண்டாம், காதெல்லாம் இரையுதுங்கீங்க, வேற வேலைக்குப் போங்கன்னு சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டுனீங்க."

திரையில் வலப்பக்கம் ஊருக்குள் இறங்கும் பாதைக்கு அம்புக்குறி வந்தது. சமுத்திரம் இண்டிகேட்டரைப் போட்டார்.

"நான் சரின்னுட்டீங்கன்னு நெனச்சேன். இன்னைக்கு நிப்பாரு, நாளைக்கு நிப்பாருன்னு ஒரு வருசம் பாத்தேன். பொறவுதான் தெரிஞ்சது, தண்ணிச் சத்தத்துல ஒங்களுக்குக் காதுல விழவே இல்லன்னு. இன்னொருக்க சொல்லியிருக்கணும். சொல்லல. எனக்கு வீம்பு." அடுப்படியில் அந்த முதுகு குனிந்தது. "அன்னைக்கு நான் திரும்பச் சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா? சொல்லுங்க. இந்தக் காது இருந்திருக்குமா?"

வண்டி இறங்கு பாதையை நெருங்கிவிட்டது. சமுத்திரம் வலது கையால் வலது காதின் மேல் ஹெட்போனை அழுத்திப் பிடித்தார். மற்றக் கையால் இண்டிகேட்டரை அணைத்தார். ஊருக்குள் இறங்காமல், ஏரியைச் சுற்றிப் போகும் நீண்ட ரோட்டில் வண்டியை விட்டார்.