இடது கால் ஷூவும் எங்கள் குடும்பப் படமும்

அப்பா யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பார். முகம் அப்புறம்தான். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், என் கல்லூரித் தோழிகள், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், எல்லோருக்கும் ஒரே மரியாதை. ஒரு பெரிய துணிக்கடையின் வாசலில் நின்று, உள்ளே போகிறவர்களின் பைகளை வாங்கி அடுக்கி, டோக்கன் கொடுப்பது அவர் வேலை. கடையில் செருப்புப் பிரிவும் உண்டு. பழசைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டிக்கொண்டு நழுவுகிறவர்களைப் பிடிப்பதும் அவர் பொறுப்புதான். "மூஞ்சி நல்லா நடிக்கும். காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்பார்.

வேலை முடிந்தாலும் சந்தேகம் முடியாது. வீட்டைப் பூட்டியதும் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டு, திரும்பி வந்து மறுபடி இழுப்பார். "ஒருநாள் பூட்டு கையோட வந்துடப் போகுது" என்பாள் அம்மா.

இப்படிப்பட்டவர் எங்களை வருடம் தவறாமல் சுற்றுலா அழைத்துப் போனார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். அருவி, அணை, கலங்கரை விளக்கம் என்று எங்கள் ஆல்பம் நிறையப் படங்கள். எல்லாவற்றிலும் அம்மா, நான், தம்பி. அப்பா மட்டும் இல்லை. கேமராவை வெளியாள் கையில் கொடுக்கவே மாட்டார். "வாங்கிட்டு ஓடிட்டான்னா?" அவ்வளவுதான் அவர் கேள்வி. சில படங்களில் எங்கள் காலடியில் அவருடைய நிழல் நீளமாகக் கிடக்கும். "உங்கப்பாவைக் காட்டணும்னா தரையைத்தான் காட்டணும்" என்று அம்மா விருந்தாளிகளிடம் ஆல்பத்தைத் திருப்பிக் காட்டுவாள்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்ப இருந்த வருடம், சுற்றுலாவுக்கு முன்பே அம்மா சொல்லிவிட்டாள். "இவ போயிட்டா நாலு பேரும் எப்ப ஒண்ணா நிக்கிறது? இந்தத் தடவை நாலு பேரும் ஒரே படத்துல வேணும். இல்லேன்னா நான் திரும்பி வர்ற பஸ்ல ஏற மாட்டேன்."

எனக்கும் அந்தப் படம் வேண்டும். தெரியாத ஊரில், வாடகை அறைச் சுவரில் அப்பாவின் நிழலை மாட்டிவைக்க முடியாது.

கடைசி நாள். சுற்றுலா பஸ் ஒரு மலைமுனையில் நின்றது. கீழே ஏரி. "விசில் கேட்டதும் வந்துடணும்" என்றார் வழிகாட்டி. அப்பா பஸ்ஸையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். "நம்ம பெட்டியெல்லாம் உள்ள இருக்கு. டிரைவர் கிளம்பிட்டான்னா போச்சு."

தம்பி கேமராவைப் பாறையில் வைத்துத் தானாக எடுக்கும்படி செய்து பார்த்தான். எங்கள் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் விழுந்தது. "அப்பாவுக்குப் பிடிச்ச படம்" என்றான்.

பக்கத்தில் மனைவியோடு நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். எங்கள் பஸ்ஸில் வந்தவர் இல்லை. "நான் எடுத்துத் தரட்டுமா சார்?"

அப்பா அவர் காலைப் பார்த்தார். பழுப்பு நிற ஷூ. நன்றாகத் துடைத்து, இறுக்கிக் கட்டியிருந்தார். "ஓடுறதுக்குன்னே கட்டிட்டு வந்த மாதிரி இருக்கு" என்று என் காதில் சொன்னார். அம்மா முறைத்த முறைப்பில் அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தன் தொழிலுக்குத் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு கால் ஷூவைக் கழட்டிக் குடுத்துட்டு எடுங்க."

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்த மனிதரின் மனைவிதான் காப்பாற்றினார். "குடுங்க, குடுங்க. இத்தனை வருஷமா உங்களை நான் மட்டும்தான் சந்தேகப்படுறேன்னு நெனச்சேன். துணைக்கு ஒருத்தர் கெடச்சார்."

அவர் குனிந்து இடது ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். "அப்ப எனக்கு டோக்கன்?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அப்பா விளையாடவில்லை. சட்டைப் பையிலிருந்து காலையில் வாங்கிய படகுச் சீட்டை எடுத்து, இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை அவரிடம் நீட்டினார். மறு பாதியை ஷூவுக்குள் போட்டு, தோள்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

"அம்மா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. சார், என் காலையே பாக்காதீங்க, கேமராவைப் பாருங்க!" என்றார் அந்த மனிதர்.

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். அந்த நொடியில் அவர் படத்தை எடுத்துவிட்டார்.

கேமரா திரும்பி வந்ததும் அப்பா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். படம் விழுந்திருக்கிறதா, கார்டு உள்ளே இருக்கிறதா, மூடி இருக்கிறதா. அப்போது விசில் கேட்டது. பஸ் திரும்புவதற்காக லேசாக நகர்ந்தது.

"பெட்டி!" என்று கத்திக்கொண்டு அப்பா ஓடினார். பின்னாலேயே நாங்களும்.

இருக்கையில் உட்கார்ந்து, பெட்டிகளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. பஸ் கிளம்பியது. ஜன்னலுக்கு வெளியே அந்த மனிதர் கையை உயர்த்தி வேகவேகமாக ஆட்டிக்கொண்டிருந்தார். கூடவே குதித்தார்.

"பாருங்களேன், எவ்வளவு பாசமா டாட்டா காட்டுறார்!" என்றாள் அம்மா. நாங்கள் எல்லோரும் கையாட்டினோம். அப்பா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியே ஆட்டினார்.

"எல்லாரையும் சந்தேகப்படக் கூடாதுதான்" என்றார். அவர் வாயிலிருந்து நான் அதைக் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

சில வளைவுகள் தாண்டி, தண்ணீர் குடிக்கப் பையைத் திறந்தார். கையில் அந்த ஷூ வந்தது. பிறகு, "நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க!"

மலைப்பாதையில் திருப்ப இடமில்லை என்றார் டிரைவர். வழிகாட்டி வந்தார். அப்பாவின் கையிலிருந்த ஷூவைப் பார்த்தார். அப்புறம் அப்பாவின் கால்களைப் பார்த்தார்.

"ஒத்தை ஷூவை எதுக்கு சார் தூக்கிட்டு வந்தீங்க?"

"தூக்கிட்டு வரல. அவரே குடுத்தாரு."

"யாரு?"

"தெரியாது."

பின் இருக்கையில் ஒரு பெண் தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பாமல் அன்றிரவு அடிவாரத்திலேயே இறங்கித் தங்கினோம். மறுநாள் அப்பா பேருந்து பிடித்துத் தனியாக மலைமேல் போனார். சாயங்காலம் ஷூவோடு திரும்பினார். டீக்கடை, சீட்டுக் கொடுக்கும் இடம் என்று விசாரித்தாராம். யாருக்கும் தெரியவில்லை. "பேராவது கேட்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் கடையில் பைகள் அடுக்கும் அலமாரியில் ஒரு அறையை அதற்கு ஒதுக்கினார். தோல் காய்ந்துவிடக் கூடாதென்று அவ்வப்போது பாலிஷ் போட்டார். வருகிறவர்களின் கால்களை முன்பு போலவே பார்த்தார், ஆனால் இப்போது திருடனைத் தேடவில்லை. "ஒரு கால்ல மட்டும் ஷூ போட்டுட்டா அவர் நம்ம கடைக்கு வரப்போறாரு?" என்று தம்பி கேலி செய்வான்.

அந்த ஷூக்காரர் வீட்டில் இந்தக் கதையை எப்படிச் சொல்வார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். கேமராவைக் காட்டி, டோக்கன் என்று கிழிந்த காகிதத்தைக் கொடுத்து, ஷூவோடு ஓடி, போகும்போது சிரித்துக் கையும் ஆட்டிவிட்டுப் போன ஒரு குடும்பம். அதற்குப் பிறகு யாராவது படம் எடுத்துத் தரக் கேட்டால், அந்த மனிதர் முதலில் அவர்கள் காலைத்தான் பார்ப்பாரோ? நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன். நான் படித்த படிப்பு இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் தெரியவில்லை. என் அறைக் கதவைப் பூட்டிவிட்டு நானும் இழுத்துத்தான் பார்க்கிறேன்.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார். கடையில் அவர் பொருட்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். தொப்பி, தண்ணீர் பாட்டில், பாலிஷ் டப்பா, ஷூ. அதற்குள் பாதிப் படகுச் சீட்டு இன்னும் இருந்தது. யாராவது மறு பாதியைக் கொண்டுவந்தால் என்னைக் கூப்பிடச் சொல்லி, அடுத்து அந்த வேலைக்கு வந்தவரிடம் என் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

படம் என் அறைச் சுவரில் இருக்கிறது. அப்பா பல் தெரியச் சிரிக்கிறார். தோள்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறார். ஷூவும் எங்களிடம்தான் இருக்கிறது.