இஞ்சின் இல்லாத ரேஸ் காரும் நானும்

கார் விற்கிற வேலையில் விற்பது என்னவோ கடைசி ஐந்து நிமிடம்தான், மிச்ச நேரம் முழுக்க, "நீங்கள் ஊரில எவடம்?" என்று தொடங்குகிற கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் தொழில். எங்கள் சனத்துக்கு வீடு, காப்புறுதி, கல்யாண மண்டபம் என்று எதையாவது விற்கப் போய், பின்னேரம் தலையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியவர் யாராவது இதை வாசித்தால், வாருங்கள், பக்கத்தில் இருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி.

என் பெயர் ரெஜினா. நகரத்தின் ஒரு அந்தமான ஸ்காபரோவிலிருந்து மறு அந்தமான மிசிசாகாவுக்குப் பதினொரு வருஷம் பஸ் மாறி மாறிப் போய் சான்ட்விச் பொதி செய்துகொண்டிருந்தவள். போன குளிருக்கு அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கார் ஷோரூமில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்போம், சரிவந்தால் நிரந்தரம் என்றார் மனேச்சர் குகன். என்னைவிடப் பத்து வயது குறைந்தவர், ஆனால் முகத்தில் எப்போதும் பரீட்சை மண்டபக் களை. மாதா கோயிலில் எல்லோருக்கும் "நான் இப்ப கார் விக்கிறன்" என்று சொல்லியாயிற்று. இனி சான்ட்விச்சிடம் திரும்பிப் போகிற எண்ணமே எனக்குக் காய்ச்சலைக் கொண்டுவந்தது.

திறப்பு இல்லாத பொறுப்பு

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கொம்பனிக்கு ஆசை பிடித்தது. பசிபிக்குக்கு அந்தப் பக்கமிருந்து வந்து, குடும்பக் கார் செய்து நல்ல பெயர் எடுத்த கொம்பனி. அமெரிக்காக் கொம்பனிகள் தங்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த ஸ்டொக் கார் ரேஸில் முதல்முறையாகத் தானும் இறங்கப்போவதாக அறிவித்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பார்வைக்கு வீதியில் ஓடுகிற கார் மாதிரி இருக்கும், ஆனால் வட்டமான ஓடுபாதையில் நாற்பது கார் ஒன்றையொன்று உரசிக்கொண்டு பறக்கும். அதை விளம்பரப்படுத்த ஒரு ரேஸ் காரைக் கடை கடையாக அனுப்பினார்கள். எங்கள் கடைக்கு அது ஜனவரியில் வந்து, பெப்ரவரி நடுவில் அமெரிக்காவில் நடக்கிற முதல் ரேஸ் முடியும்வரை ஐந்து கிழமை நிற்பதாக ஏற்பாடு.

வெள்ளை நிறம். உடம்பு முழுக்க விளம்பர ஸ்ரிக்கர். ஓடப்போகிற காரின் நகல், காட்சிக்கு மட்டும் என்பதால் உள்ளே இஞ்சின் இல்லை, போட்டு முறுக்கத் திறப்பும் இல்லை. மற்ற விற்பனையாளர்கள் ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுத் தங்கள் மேசைக்குப் போய்விட்டார்கள். விற்க முடியாத சாமானைக் காவல் காக்க யாருக்குத்தான் விருப்பம்? குகன் நேராக என்னிடம் வந்தார். "அக்கா, உது உங்கட பொறுப்பு. ஒரு கீறல் விழாமல் திரும்பிப் போகவேணும். அதைப் பாத்திட்டுத்தான் உங்கட மூண்டு மாசத்தைப் பற்றிக் கதைப்பம்."

விட்பி அன்ரியின் பரிசோதனை

முதல் வந்தவர் விட்பியில் புது வீடு வாங்கியிருந்த ஒரு அன்ரி. குடும்பத்துக்கு வான் வண்டி பார்க்க வந்தவர், வானை விட்டுவிட்டு ரேஸ் காரைச் சுற்றத் தொடங்கினார். கதவுப் பிடியைத் தேடினார், இல்லை. ஸ்டொக் காருக்குக் கதவு திறக்காது, ஓட்டுநர் யன்னலால்தான் ஏறவேண்டும் என்று விளக்கினேன். முன் லைற்றைத் தட்டிப் பார்த்தார், அது லைற் இல்லை, லைற் மாதிரி ஒட்டியிருந்த படம். உள்ளே எட்டிப் பார்த்தார், ஒரே ஒரு சீற். அரிசி மூட்டை எங்கே வைப்பது என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இஞ்சினும் இல்லை என்ற உண்மையையும் சொல்லிவிட்டு, விலைப்பட்டியலில் இது இல்லை என்றேன்.

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். கையுறையைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "கதவுமில்லை, லைற்றுமில்லை, இஞ்சினுமில்லை. அதுக்குள்ள விலையும் சொல்லமாட்டியள், அப்பிடி என்ன பிள்ளை பெரிய எடுப்பு!"

வட்டமடிக்கிறவர்

இன்னொருவர் விமான நிலையத்துக்கு நெடுங்காலம் ராக்ஸி ஓட்டியவர். ரெக்ஸ்டேலில் இருந்து பனிக்குள்ளால் வந்திருந்தார். கோப்பியைக் கையில் கொடுத்து, ரேஸ் விபரத்தை நான் படித்து வைத்தபடி ஒப்புவித்தேன். ஐந்நூறு மைல், அங்கிள். இடப்பக்கம் மட்டும்தான் திருப்பம். மூன்றரை மணித்தியாலம் போல எடுக்கும். முடிகிற இடம், தொடங்கிய அதே இடம்.

அவர் கோப்பியை ஊதி ஊதிக் கேட்டார். ஒரு வியப்பும் அவர் முகத்தில் வரவில்லை. "இதையேதான் பிள்ளை நான் இருவது வருசமா ஃபோர்-ஓ-வண் ஹைவேயில செய்தனான். ஒருத்தரும் கப் தரேல்லை."

யன்னலுக்குள் சிவபாலன் அங்கிள்

இதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஒரு சனிக்கிழமை காலை சிவபாலன் அங்கிள், மனைவி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் மூவரும் வான் பார்க்க வந்தார்கள். கல்யாணவீட்டுக்குப் போகிற வழி. அங்கிள் பட்டு வேட்டி கட்டி, அதற்கு மேல் முழங்கால் வரை தொங்குகிற குளிர் ஜக்கெற் போட்டு, காலில் சப்பாத்துக்குப் பதில் பனி பூட்ஸ் போட்டிருந்தார். வானின் விபரப் புத்தகத்தை எடுத்துவர நான் மேசைக்குப் போனேன். இரண்டு நிமிடம் இருக்காது. திரும்பி வந்தால் அன்ரியும் மகளும் நிற்கிறார்கள், அங்கிளைக் காணவில்லை. ரேஸ் காரின் யன்னலுக்குள்ளிருந்து ஒரு பூட்ஸ் மட்டும் வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

ஃபோட்டோவுக்காக ஏறியிருக்கிறார். ஏறியது எப்படி என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. இறங்க முடியவில்லை. உள்ளே சட்டம் சட்டமாக இரும்புக் குழாய், அதில் ஒன்றில் வேட்டி கொழுவிவிட்டது. எழும்பப் பிடிமானம் தேடி ஸ்ரியரிங்கை இழுத்தார், அது கழன்று கையோடு வந்துவிட்டது. "ஐயோ, உடைச்சுப்போட்டன்!" என்று அவர் கத்த, நான் அவரைவிடப் பெரிதாகக் கத்தினேன். என் மூன்று மாதமும் அந்தக் கைக்குள் வட்டமாக இருந்தது. மெக்கானிக் ஓடிவந்து, ஓட்டுநர் ஏறி இறங்க வசதியாக அதைக் கழற்றக்கூடியதாகத்தான் செய்வார்கள் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மகள் கைத்தொலைபேசியால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அப்பா, திஸ் இஸ் சோ எம்பரசிங்" என்றாள்.

அன்ரி மட்டும் பதறவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பிள்ளை, முகூர்த்தம் பதினொண்டரைக்கு. குடுக்கிற என்வலப் அவற்ற சட்டைப் பொக்கற்றில இருக்கு. அதை மட்டும் எடுத்துத் தாங்கோ, ஆளைப் பின்னேரம் வந்து எடுக்கிறம்."

எட்டுத் தேசிக்காய்

அங்கிளை அப்போதே எடுத்துவிட்டோம், கவலைப்படாதீர்கள். இரண்டு மெக்கானிக், நான், பார்சல் கொண்டுவந்த ஒருவர் எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். வேட்டி கொஞ்ச நேரம் கழித்து வந்தது. அந்த அரை மணித்தியாலத்தில் அவருக்கும் காருக்கும் இடையில் ஏதோ பந்தம் உண்டாகிவிட்டது. அடுத்த கிழமையே வந்து வானுக்குக் கையெழுத்து வைத்தார். ஷோரூமில் என் முதல் பெரிய விற்பனை அது. வெளியே மைனஸ் பதினெட்டு என்பதால் வானை உள்ளேயே, ரேஸ் காருக்குப் பக்கத்தில் நிறுத்திக் கையளிக்க ஏற்பாடு. கையளிக்கும் நாள், ரேஸுக்கு முதல்நாள் சனிக்கிழமை, குகனுக்கு அன்று லீவு.

புது வாகனத்துக்கு எங்கள் சைவக்காரர் செய்வது உங்களுக்குத் தெரியும். கற்பூரம் கொளுத்தினால் நெருப்பு அலாரம் அடிக்கும் என்பதால் அது வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டேன். சந்தனம், குங்குமம், நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், அவ்வளவுதான். வானை ஒரு அடி உருட்டி, தேசிக்காய் நசிந்து, எல்லோரும் கை தட்டி முடிந்தது. நான் வானின் திறப்புக் கோர்வையை எடுக்கத் திரும்பினேன். இந்த அங்கிளுக்கு முதுகு காட்டக்கூடாது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. "நாளைக்கு முதல்முதல் ஓடப்போகுது, உதுக்கு ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லையே" என்று அவர் சொன்னது காதில் விழுந்து நான் பார்க்கும்போது, ரேஸ் காரின் சில்லுகளுக்குக் கீழேயும் நாலு தேசிக்காய். இஞ்சின் இல்லாத கார் எப்படி நசிக்கும்? அங்கிளும் அவரோடு வந்த இரண்டு தம்பிமாரும், என்னவென்றே தெரியாத மெக்கானிக் இருவரும் பின்னால் நின்று, "ஒண்டு, ரெண்டு, மூண்டு!" என்று தள்ளினார்கள். கார் நகர்ந்தது. தேசிக்காய் சீறியது. நானும் கை தட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன். பிறகுதான் பொனற்றைப் பார்த்தேன். வெள்ளைப் பொனற்றின் நட்டநடுவில் ரொட்டி அளவில் சந்தனம், அதன் நடுவில் தேநீர்க் கோப்பையின் வாய் அளவில் குங்குமம்.

"ஏன் அங்கிள் இவ்வளவு பெரிசா?" என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னை ஆறுதல்படுத்துகிற குரலில் சொன்னார்: "பிள்ளை, அமெரிக்காவில அவ்வளவு பெரிய ரேஸ், சின்னப் பொட்டுப் போதுமோ?"

பதினெட்டாம் இடம்

எல்லோரும் போனபின் துடைத்தேன். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. வெள்ளையில் ரோஸ் நிறமாகப் படர்ந்து இன்னும் பெரிதாயிற்று. கைப்பையில் இருந்த நகப்பூச்சு அழிக்கிற திரவத்தை ஊற்றித் தேய்த்தேன். குங்குமம் அப்படியே நிற்க, பக்கத்தில் ஒட்டியிருந்த எண்ணெய் விளம்பரத்தில் பாதி போய்விட்டது. செவ்வாய்க்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து டேவ் என்பவர் லொறியோடு வந்து காரைப் பார்த்து எடுத்துப்போவார். திங்கள் விடுமுறை. அந்த இரண்டு நாளும் நான் மனதுக்குள் சான்ட்விச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு ரேஸை என் கணவர் அன்ரனோடு தொலைக்காட்சியில் பார்த்தேன். முடியக் கொஞ்சம் முந்தி ஒரு கார் தடுமாற, பின்னால் வந்ததெல்லாம் ஒன்றோடொன்று மோதி, திரை முழுக்கப் புகை. அந்தப் புகைக்குள்ளால் எங்கள் கடைக் காரின் அசல், அந்த வெள்ளைக் கார், ஒரு சிராய்ப்பும் இல்லாமல் வெளியே வந்தது! நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். அன்ரன் பயந்து தேநீரை ஊற்றிக்கொண்டார். பதினெட்டாம் இடம். நான் இறங்குவதற்குள் தொலைபேசி அடித்தது. மறுபக்கத்தில் சிவபாலன் அங்கிள், வென்றவர் குரலில்: "பாத்தியளே பிள்ளை? மற்றவைக்கு ஆர் பொட்டு வைச்சது?"

செவ்வாய்க்கிழமை

டேவ் ஆறடிக்கு மேல். கையில் ஒரு படிவம். காரைச் சுற்றி வந்தவர் பொனற்றில் நின்றார். குகன் அதை அப்போதுதான் கவனித்தார். அவர் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வாடிக்கையாளர் மேல் பழியைப் போட்டிருக்கலாம், வரும்போதே அப்படித்தான் இருந்தது என்றும் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தேசிக்காயிலிருந்து நகப்பூச்சுத் திரவம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போன வாகனம் பத்திரமாக வீடு வந்து சேரத்தான் இதைச் செய்வார்கள் என்றும் சொன்னேன்.

டேவ் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், ஞாயிற்றுக்கிழமை அந்தப் புகைக்குள் தன் கார் நுழைந்தபோது தான் கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னார். தங்கள் குழுவில் ஒரு மெக்கானிக் ரேஸ் நாளில் காலுறை மாற்றமாட்டார், இன்னொருவர் கச்சான் கடலையைக் கண்டால் ராசியில்லை என்று கொட்டகையை விட்டு ஓடுவார் என்றார். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "இதை ஒருதரம் செய்தால் போதுமா, ஒவ்வொரு ரேஸுக்கும் செய்யவேண்டுமா?"

நான் கத்தோலிக்கப் பெண். எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த மனிதன் அவ்வளவு பயபக்தியோடு கேட்டபோது, பொய் சொல்ல வராத அதே வாய் தானாகத் திறந்தது. "ஒவ்வொரு ரேஸுக்கும்" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. சரிவந்த எதையும் ரேஸில் மாற்றக்கூடாது என்று டேவ் தலையாட்டி, கார் சீசன் முடியும்வரை இங்கேயே நிற்கட்டும் என்றார். லொறி வெறுமையாகப் புறப்பட்டது. குகன் அது வீதி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு என் பக்கம் வந்தார். அந்தப் பரீட்சை மண்டப முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பைக் கண்டேன். "அக்கா, மூண்டு மாசக் கதையை விடுங்கோ, நிரந்தரம் எண்டே எழுதிறன். நீங்கள் போனால் உந்தக் காருக்கு ஆர் பொட்டு வைக்கிறது?"

ஆக, காரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வேலைக்குச் சேர்ந்த நான், சைவத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அந்த வேலையை நிரந்தரமாக்கிக்கொண்டேன்.